ஏறியது போல இறங்காது ட்ரோன்

ட்ரோன் வாங்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது எவ்வளவு உயரம் போகும், எவ்வளவு தூரம் போகும், பேட்டரி எத்தனை நிமிடம் நிற்கும் என்பதைத்தான். எப்படி இறங்கும் என்று யாரும் கேட்பதில்லை. ஏறத் தெரிந்த சாமானுக்கு இறங்கத் தெரியாதா என்ற நினைப்புதான் காரணம். ஆனால் போடிமெட்டு, டாப் ஸ்டேஷன், குமுளி, கொழுக்குமலை என்று நம் தமிழ்நாடு, கேரள எல்லையோர மலைகளில் ட்ரோனுக்கு வரும் சிக்கல்களில் பெரும்பங்கு இறங்கும்போதுதான் வருகிறது. ஏற்றத்தில் மோட்டாருக்கு வேலை அதிகம், ஆனால் அது நேரான வேலை. இறக்கத்தில் வேலை குறைவு போலத் தெரியும், ஆனால் காற்று நமக்கு எதிராகத் திரும்புவது அப்போதுதான்.

முதலில் ட்ரோன் மேலே நிற்பதே எப்படி என்று பார்ப்போம். நான்கு விசிறிகளும் காற்றைக் கீழே தள்ளுகின்றன, அந்தத் தள்ளலின் எதிர்விளைவுதான் ட்ரோனைத் தாங்குகிறது. சுமார் 900 கிராம் எடையும் 22 சென்டிமீட்டர் விட்ட விசிறிகளும் உள்ள ஒரு ட்ரோன் அசையாமல் மிதக்கும்போது, விசிறி சுழலும் வட்டத்தின் வழியாகக் காற்று நொடிக்கு 5 மீட்டர் அளவில் கீழே போகிறது. 250 கிராம் குட்டி ட்ரோனுக்கும் கணக்கு போட்டால் கிட்டத்தட்ட அதே 5 மீட்டர்தான் வரும், ஏனென்றால் எடை குறைந்தாலும் விசிறியும் சிறுத்துவிடுகிறது. இந்த 5 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ரிமோட்டில் ஏற்றி இறக்கும் இடது ஸ்டிக்கைக் கீழே இழுத்து நேராக இறக்குகிறீர்கள். ட்ரோன் தான் கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே இறங்குகிறது. மெதுவாக இறங்கினால் காற்று விலகிப் போய்விடும், பிரச்சினை இல்லை. இறங்கும் வேகம் அந்த 5 மீட்டரில் பாதியைத் தாண்டும்போது, கீழே போன காற்று விசிறியின் ஓரமாக மேலே ஏறி, திரும்ப மேலிருந்து விசிறிக்குள்ளேயே நுழையத் தொடங்கும். விசிறியைச் சுற்றி ஒரு சுழல் வளையம் உருவாகிறது. விசிறி தான் துப்பிய காற்றையே மறுபடி விழுங்குவதால், எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் தாங்கும் விசை கிடைப்பதில்லை. ஹெலிகாப்டர்காரர்களுக்கு இது பழைய எதிரி, வோர்டெக்ஸ் ரிங் என்பார்கள். குவாட்காப்டரில் கூடுதல் தலைவலி ஒன்று உண்டு. நான்கு விசிறிகளும் ஒரே நேரத்தில் இதில் மாட்டுவதில்லை. ஒன்று மாட்டும், எதிர்மூலையில் உள்ளது மாட்டாது, உடனே ட்ரோன் ஒரு பக்கம் சாயும், உள்ளே இருக்கும் கணினி அதைச் சரிசெய்ய மோட்டாரை முடுக்கும், அதற்குள் வேறு விசிறி மாட்டும். வெளியே நமக்குத் தெரிவது ஆட்டம்தான். வீடியோ குலுங்கும், மோட்டார் சத்தம் சீராக இல்லாமல் ஏறி இறங்கும், திரையில் இறங்கும் வேகம் நாம் கேட்டதைவிட அதிகமாகக் காட்டும்.

இந்த நேரத்தில் கை தானாகச் செய்யும் காரியம் ஸ்டிக்கை மேலே தள்ளுவது. அதுதான் தப்பு. சேற்றில் மாட்டிய வண்டியில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சக்கரம் இன்னும் ஆழமாகப் புதைவது மாதிரி, விசிறி வேகம் கூடக்கூடச் சுழல் வளையமும் பலமாகும். தப்பிக்க வழி பக்கவாட்டில்தான் இருக்கிறது. வலது ஸ்டிக்கை முன்னோக்கியோ பக்கவாட்டிலோ தள்ளி, ட்ரோனைத் தன் அழுக்குக் காற்றிலிருந்து நல்ல காற்றுக்கு நகர்த்துங்கள். விசிறிக்குப் புதுக் காற்று கிடைத்ததும் ஆட்டம் நிற்கும், அதற்கப்புறம் உயரத்தைப் பார்த்துக்கொள்ளலாம். ஹெலிகாப்டர் ஓட்டிகளுக்கும் சொல்லிக்கொடுப்பது இதையேதான்.

இது விளையாட்டு ட்ரோன் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவின் அரிசோனாவில் மரானா என்ற இடத்தில் வி-22 ஆஸ்ப்ரே என்ற, ஹெலிகாப்டர் போலவும் இறங்கக்கூடிய ராணுவ விமானம் தரையிறங்க முயன்றபோது, முன்னோக்கிய வேகம் குறைவாக இருக்க, இறங்கும் வேகம் மிக அதிகமாகி, ஒரு பக்க விசிறி மட்டும் இந்தச் சுழலில் மாட்டி, விமானம் கவிழ்ந்து 19 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அந்த விமானத்துக்குப் போட்ட விதி, முன்வேகம் குறைவாக இருக்கும்போது நிமிடத்துக்கு 800 அடிக்கு மேல் இறங்கக் கூடாது என்பது. நம் கணக்கில் நொடிக்கு 4 மீட்டர். நம் ட்ரோன் கம்பெனிகளும் பல மாடல்களில் சாதாரண மோடில் இறங்கும் வேகத்தை நொடிக்கு 3 மீட்டர் அளவில் கட்டிப்போட்டிருக்கிறார்கள். ஏறுவதற்கு 5, 6 மீட்டர் கொடுப்பவர்கள் இறங்குவதற்கு மட்டும் கஞ்சத்தனம் பண்ணுவது ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இதில் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் விஷயம் ஒன்று இருக்கிறது. காற்றே இல்லாத அதிகாலை, இலைகூட அசையவில்லை, இன்றைக்குப் பயமில்லாமல் பறக்கலாம் என்று தோன்றும். நேராக இறக்குவதற்கு அதுதான் மோசமான நேரம். காற்று வீசும் நாளில் ட்ரோன் ஒரே இடத்தில் நின்று இறங்கினாலும், தள்ளிய காற்றை வீசும் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். காற்றில்லாத நாளில் அது ட்ரோனுக்கு அடியிலேயே குவிந்து நிற்கும். கொழுக்குமலைப் பக்கம் சூரிய உதயம் எடுக்க வருபவர்கள் விடியலில் ஏற்றி, படம் எடுத்து முடித்ததும் ஸ்டிக்கை அடியோடு இழுத்து நேராக இறக்கும்போது வீடியோ நடுங்குவது இதனால்தான். கேமராவை ஆடாமல் தாங்கும் ஜிம்பல் கெட்டுப்போச்சு என்று சர்வீஸுக்குக் கொண்டுபோக வேண்டாம், ஒரு தடவை சாய்வாக இறக்கிப் பாருங்கள்.

இன்னொன்று, திரையில் காட்டும் இறங்கும் வேகம் தரையை வைத்துச் சொல்வது. விசிறிக்குத் தரையைப் பற்றி அக்கறை இல்லை, காற்றை வைத்துத்தான் அதன் கணக்கு. நண்பகலில் போடி, தேவாரம் பக்கம் வெயில் ஏறிய பாறைச் சரிவில் சூடான காற்று மேலே எழும், பருந்துகள் இறக்கை அடிக்காமல் வட்டம் போடுவது அதை நம்பித்தான். அந்த எழுகாற்று நொடிக்கு 2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் 3 என்று காட்டும்போது விசிறி உண்மையில் சந்திப்பது 5. நேரே சுழல் வளையத்தின் வாயில். பருந்து வட்டமிடும் இடத்தில் ட்ரோனை நேராக இறக்காமல் இருப்பதற்கு இது ஒரு காரணம், பருந்தே இன்னொரு காரணம்.

மலை உயரத்தில் காற்றின் அடர்த்தியும் குறைகிறது. 2000 மீட்டரில் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 18 சதவீதம் குறைவு. கொழுக்குமலை உச்சி அதையும் தாண்டிய உயரம். அதே எடையைத் தாங்க விசிறி அங்கே வேகமாகச் சுழல வேண்டும், அதாவது இறக்கத்தில் ஏதாவது ஆட்டம் வந்தால் சமாளிக்க மோட்டாரிடம் மிச்சம் இருக்கும் பலம் குறைவு. சமவெளியில் கம்பத்துத் திராட்சைத் தோட்டத்தில் ஓட்டிப் பழகிய கை மேலே வரும்போது இதை உணராது, ஏனென்றால் மிதக்கும்போது எல்லாம் சாதாரணமாகவே தெரியும்.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். ட்ரோன் திரையில் தெரியும் உயரம் பெரும்பாலும் காற்றழுத்தத்தை வைத்து, ஏற்றிய இடத்திலிருந்து கணக்கிட்டது. ட்ரோனுக்கு நேர் கீழே இருக்கும் தரையிலிருந்து அல்ல. போடி பக்கம் அடிவாரத்து மாந்தோப்பில் நின்று ஏற்றி, சரிவையொட்டி மேலே 400 மீட்டர் தள்ளிப் போயிருக்கிறீர்கள். அங்கே தரையே உங்களைவிட 80 மீட்டர் உயரம். ட்ரோன் தரைக்கு மேல் 70 மீட்டரில்தான் பறக்கிறது, ஆனால் திரை 150 என்று காட்டும். இப்போது படம் எடுத்தாச்சு, வீட்டுக்கு வா பொத்தானை அழுத்துகிறீர்கள். ஆர்டிஎச் உயரம், அதாவது வீடு திரும்பும் உயரம், 60 மீட்டர் என்று வைத்திருந்தாலும், பெரும்பாலான மாடல்களில் ட்ரோன் ஏற்கெனவே அதைவிட உயரத்தில் இருந்தால் இருக்கும் உயரத்திலேயே கிளம்பி வரும். அப்படியே கிடைமட்டமாக உங்கள் தலைக்கு மேலே 150 மீட்டருக்கு வந்து நின்று, அங்கிருந்து நேர்க்கோடாகக் கீழே இறங்கும். எதைச் செய்யக் கூடாது என்று இவ்வளவு நேரம் சொன்னேனோ அதையே பொத்தான் செய்கிறது. புதிய சில மாடல்கள் வழியைத் தாங்களே யோசித்துச் சாய்வாக வரும், உங்களுடையது எந்த ரகம் என்று வாங்கிய அன்றே திறந்தவெளியில் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

நேரக் கணக்கும் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 8 மீட்டரில் 400 மீட்டர் வர 50 நொடி. நொடிக்கு 3 மீட்டரில் 150 மீட்டர் இறங்க இன்னொரு 50 நொடி. மொத்தம் 100. கையால் ஓட்டி, வரும்போதே சாய்வாக இறக்கிக்கொண்டு வந்தால் இரண்டும் ஒரே 50 நொடியில் முடிந்துவிடும். முன்னே நகர்ந்துகொண்டே இருப்பதால் விசிறிக்கு எப்போதும் புதுக் காற்று, பேட்டரியும் பாதிதான் செலவு. ஒரே நிபந்தனை, அந்தச் சாய்வுக்கோட்டில் மேடோ, சில்வர் ஓக் மரமோ, மின்கம்பியோ இல்லாமல் இருக்க வேண்டும். ஏலத்தோட்டங்களில் நிழல் மரங்கள் நன்றாக உயர்ந்து நிற்கும், மேலிருந்து கேமராவில் பார்த்தால் எல்லாம் ஒரே பச்சையாகத் தெரியும், உயர வித்தியாசம் புரியாது. அதனால் கேமராவை நேர் கீழே வைத்துக்கொண்டு வராமல், போகும் திசையைப் பார்த்து வைத்துக்கொண்டு வாருங்கள். கடைசி 20, 30 மீட்டர் உயரம் இருக்கும்போது சாய்வை நிறுத்திவிட்டு நிதானமாக இறக்கலாம். இடமே குறுகலாக இருந்தால், நாலாபுறமும் மரம் சூழ்ந்த திடல் என்றால், பெரிய வட்டமாகச் சுற்றிச் சுற்றி இறங்குங்கள், அதுவும் இதே வேலைதான்.

வேகத்துக்கென்று இருக்கும் ஸ்போர்ட் மோடில் போட்டுச் சீக்கிரம் இறக்கலாமே என்பார்கள். இறங்கும் வேகம் கூடும், தடையறியும் சென்சார் பல மாடல்களில் அணைந்துவிடும், இரண்டும் சேர்ந்து மலைச்சரிவில் நல்ல கூட்டணி இல்லை. எதிர்காற்றில் வீடு சேர முடியாதபோது மட்டும் அதை எடுங்கள். அப்புறம் வானத்திலேயே மோட்டாரை அணைத்து விழவிட்டு, பாதியில் திரும்ப ஓடவைக்கும் வித்தையும் உண்டு. அதற்கென்று கட்டிய, கண்ணாடித் திரை மாட்டி ஓட்டும் எப்பிவி ட்ரோனில், எடைக்குப் பல மடங்கு தள்ளுவிசை இருக்கும்போது செய்கிற வேலை அது. கல்யாண வீடியோ எடுக்கும் ட்ரோனில் செய்து பார்க்க வேண்டாம்.

காற்றைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் ஊர் காற்றுக்கே பேர்போன ஊர். மேற்குத்தொடர்ச்சி மலையில் இடைவெளி விட்ட இடங்களில் எல்லாம் மேல்காற்று புகுந்து வரும். பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம் என்று காற்றாலைக்காரர்கள் சொல்லும் நான்கு கணவாய்களும் இதே மலைத்தொடரில்தான் இருக்கின்றன. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்றால் கால் கிலோ ட்ரோன் எம்மாத்திரம். தட்டையான வெட்டவெளியிலேயே 10 மீட்டர் உயரத்தில் நொடிக்கு 6 மீட்டர் வீசும் காற்று 100 மீட்டரில் 8 மீட்டருக்கு மேல் வீசும். மலை விளிம்பில் இன்னும் கூடும். பல சின்ன ட்ரோன்களுக்குச் சாதாரண மோடில் வேகமே நொடிக்கு 10 மீட்டர் அளவுதான். எதிர்காற்று 8 என்றால் மிஞ்சுவது 2, அதில் 400 மீட்டர் வர 200 நொடி ஆகும். ஆர்டிஎச் இதை யோசிக்காமல் மேலேயே நின்று மல்லுக்கட்டும். அப்போது செய்ய வேண்டியது ரத்து பொத்தானை அழுத்தி, ட்ரோனை முதலில் கீழே கொண்டுவருவது, மரத்துக்குப் பாதுகாப்பான அளவு மேலே, காற்று தணிந்த அடுக்குக்கு வந்தபின் வீடு நோக்கி ஓட்டுவது. காற்று இருக்கும்போது இறக்கம் சுழலில் மாட்டும் ஆபத்தும் குறைவு என்பதை முன்பே பார்த்தோம்.

ஆனால் இதிலும் மலை ஒரு கொக்கி வைத்திருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று கேரளப் பக்கமிருந்து ஏறி, முகட்டைத் தாண்டி, நம் பக்கம் சரிந்து விழுகிறது. முகட்டுக்குப் பின்னால் உள்ள தமிழ்நாட்டுச் சரிவில் அந்தக் காற்று உருண்டு புரண்டு, ஒரு இடத்தில் கீழே அழுத்தும், நாலு எட்டு தள்ளி மேலே தூக்கும். போடிமெட்டிலிருந்து சமவெளியைப் பார்த்து ட்ரோனை வெளியே விடுபவர்கள் சரியாக இந்த இடத்தில்தான் விடுகிறார்கள். அங்கே சரிவையொட்டிக் கீழே இறக்குவது காற்று தணிந்த அடுக்கைத் தேடிப் போவது ஆகாது, புரளும் காற்றுக்குள் போவது. விளிம்பிலிருந்து வெளியே இருக்கும்போது உயரத்தை விட்டுவிடாமல் முதலில் தரைக்கு மேலே கொண்டுவந்துவிட்டு, அப்புறம் இறக்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கிழக்குக் காற்று வரும்போது கதை திரும்பிக்கொள்ளும், புரளும் காற்று மூணாறு பக்கம் போய்விடும்.

விளிம்பிலிருந்து கீழே இறக்கினால் சிக்னலும் போகும். ரிமோட்டுக்கும் ட்ரோனுக்கும் நடுவே தேயிலைச் சரிவின் ஒரு வயிற்றுப்பகுதி வந்துவிட்டால் போதும், படம் உறையும். ஏறும்போது சிக்னல் நன்றாகத்தான் இருந்தது, அதனால் இறங்கும்போதும் இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். சிக்னல் அறுந்தால் ட்ரோன் ஆர்டிஎச் உயரத்துக்கு ஏறித் திரும்ப வர முயலும், அந்த உயரம் நீங்கள் நிற்கும் முகட்டையும் மரத்தையும் தாண்டும்படி வைத்திருந்தால் பிழைத்தது.

பேட்டரியை இறக்கத்தோடு சேர்த்தே யோசிக்க வேண்டும். 30 நிமிடம் பறக்கும் ட்ரோன் நிமிடத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல் தின்கிறது, காற்றில் இன்னும் கூட. நேராக 150 மீட்டர் இறங்குவது மட்டும் ஏறத்தாழ 3 சதவீதம், எதிர்காற்றில் திரும்பி வருவது 10 சதவீதத்தையும் தாண்டலாம். குளிரில் லித்தியம் பேட்டரி இன்னும் ஏமாற்றும். திரையில் பாதிக்கு மேல் காட்டும்போதே, மோட்டார் திடீரென்று அதிக மின்சாரம் இழுத்தால் வோல்டேஜ் சரிந்து எச்சரிக்கை கத்தும். மார்கழி விடியலில் மூணாறு பக்கம் பறப்பவர்கள் பேட்டரியைச் சட்டைக்குள் வைத்து எடுத்துவந்து, ஏற்றியதும் ஒரு நிமிடம் தலைக்கு மேலேயே மிதக்கவிட்டு, அதன்பின் அனுப்புவது நல்ல பழக்கம். பேட்டரி அபாய அளவுக்கு வந்தால் ட்ரோன் இருக்கும் இடத்திலேயே இறங்கத் தொடங்கிவிடும். அப்போதும் வலது ஸ்டிக் வேலை செய்யும். பதறாமல் நல்ல இடமாகப் பார்த்து நகர்த்தலாம், இடது ஸ்டிக்கை மேலே தள்ளினால் இறக்கம் மெதுவாகும்.

நல்ல இடம் என்பது இங்கே சட்ட விஷயமும்கூட. 2021 ஆகஸ்ட் 25 முதல் நடைமுறையில் உள்ள ட்ரோன் விதிகள் மத்திய அரசின் விதிகள், எல்லையின் இருபுறமும் ஒன்றுதான். முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் தரையிலிருந்து 400 அடி, அதாவது 120 மீட்டர் வரைதான். வனத்துறைகள் மட்டும் இரண்டு. பெரியாறு, மேகமலை, இரவிகுளம் போன்ற இடங்களில் அனுமதி இல்லாமல் ஏற்றவே கூடாது, விளிம்பில் நின்று வெளியே விட்ட ட்ரோன் காப்புக்காட்டில் இறங்கிவிட்டால் தேடிப்போவதே குற்றமாகும். சில வளைவுகளில் ரிமோட் ஒரு மாநிலத்திலும் ட்ரோன் இன்னொரு மாநிலத்திலும் இருக்கும், யாரிடம் போய்க் கேட்பது என்பதே ஒரு நாள் வேலை.

மஞ்சு இறங்கும் இடங்களில் இன்னொரு தொல்லை. விடியலில் ட்ரோன் மேகத்துக்கு மேலே அழகாக நிற்கும், வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கு மேகம் முகட்டுக்கு எழுந்து வரும், நீங்கள் இறக்க நினைக்கும்போது நடுவே வெள்ளைத் திரை. தடையறியும் சென்சார் மஞ்சைச் சுவர் என்று நினைத்து நின்றுவிடலாம், கீழ்ச் சென்சார் அதைத் தரை என்று நினைத்து இறங்க மறுக்கலாம். மேகம் எழத் தொடங்குவதைக் கண்டதும், எடுத்த படம் போதும் என்று இறக்கத்தைத் தொடங்கிவிடுவதைத் தவிர இதற்கு வேறு வைத்தியம் இல்லை.

கடைசியில் தரையை நெருங்கும்போது ட்ரோன் தள்ளிய காற்று தரையில் பட்டுத் திரும்புவதால் அது கொஞ்சம் மிதக்கும், நகரும். தேயிலைச் செடி மேலும், உயரமான புல் மேலும், தண்ணீர் மேலும் கீழ்ச் சென்சார் குழம்பும், அதனால் சாலையோரத் தார்த்தரையோ ஜீப் நிற்கும் திடலோ நல்லது, ஜீப் மேல்தளம் வேண்டாம், இரும்பு திசைகாட்டியைக் கெடுக்கும். சுற்றி நிற்பவர்களை, குறிப்பாகக் குழந்தைகளை, சில மீட்டர் பின்னால் அனுப்பிவிட்டு இறக்குங்கள். தரை தொட்டபின் இடது ஸ்டிக்கை அடியில் பிடித்தபடியே வைத்திருங்கள், விசிறி முழுதாக நிற்கும்வரை கையை எடுக்கக் கூடாது. இரண்டு ஸ்டிக்கையும் உள்மூலைக்கு இழுத்து அணைக்கும் குறுக்கு வழியைத் தரையில் பழகிக்கொண்டால், ஒருநாள் அதே கை வானத்திலும் அதைச் செய்யும்.